வியாழனுக்கு ஒரு பள்ளம்

எஸ்கில்ஸ்தூனாவில், நிலவறையில்,
கொதிகலனுக்கும் குன்வோரின் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் நடுவே
ஒன்றரை மீட்டர் இடம் எனக்கு.
பகலில் நான்காம் எண் பேருந்து ஓட்டுகிறேன்.
இரவில், யார் யார் முகத்திலோ ஓடிய கத்திகள்.
எனக்கு இருபத்திரண்டு வருடத் தாடி.

"அப்புறம் யாருக்கு இதெல்லாம்?" என்று
குன்வோர் இப்போது கேட்பதில்லை.
கேட்ட காலத்திலும் என்னிடம் பதில் இருந்ததில்லை.

ஏலத்தில் எடுத்த பெட்டி இது.
உள்ளே பூச்சி அரித்த வெல்வெட்,
ஏழு பள்ளம், ஆறு சவரக்கத்தி.
ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கிழமை பொறித்திருக்கிறது.
வியாழன் இல்லை.
அதற்காக நாற்பது குரோனர் குறைத்துக்கொண்டான் ஏலக்காரன்.
ஒரு நாளின் விலை அவ்வளவுதான் போல.

சிவப்புத் துருவோடு பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.
கறுப்பு அப்படியில்லை, குடியேறிவிட்டது,
வாடகையும் தராது, காலியும் செய்யாது.
வெள்ளிக்கிழமை முழுக்கக் கறுப்பு.
நானூறு, அறுநூறு, ஆயிரம், இரண்டாயிரம் என்று
உப்புத்தாளின் எண்கள் ஏற ஏற
என் விரல்ரேகை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

திங்களை நான் கெடுத்தேன்.
சக்கரத்தில் பிடித்திருந்தபோது ஹில்டிங் போனில் வந்தான்:
"அங்கே பனி கொட்டுதா?"
கொட்டுது என்று சொல்லி முடிப்பதற்குள்
நுனியில் ஒரு நூல் அகலத்துக்கு மயில்கழுத்து நிறம்.
விரல் தாங்காத சூட்டை எஃகும் தாங்காது.
நீலம் பாய்ந்த இடம் இனி கடிதம் பிரிக்கத்தான்.
நுனியை வட்டமாகத் தேய்த்து எடுத்துவிட்டேன்.
பிறவியிலேயே வட்டம் என்று யாரும் நினைத்துக்கொள்ளலாம்.

கல்லில் தீட்டும்போது வாய் முன்னே போகவேண்டும்.
தோல்வாரில் முதுகுதான் முன்னே;
வாயை முந்தவிட்டால் தோலைக் கிழித்துவிடும்.
இதைக் குன்வோரிடம் சொன்னேன்.
"கத்தியைத்தானே சொல்றே?" என்றாள்.

ஆறில் செவ்வாய்தான் ஒல்லி.
சனி அப்படியே அகலமாக இருக்க
செவ்வாய் பாதியாய்த் தேய்ந்திருந்தது.
செவ்வாய்தோறும் எங்கே போனான் அந்த மனிதன்,
அவ்வளவு வழவழப்பான கன்னத்தோடு?
அல்லது வியாழன் தொலைந்தபின்
செவ்வாயே அந்த ஷிப்டையும் பார்த்ததா,
எங்கள் டிப்போவில் என்னைப் போல?

ஆணியைத் துளைத்துப் பிடியைக் கழற்றினேன்.
இடுக்கில் கல்லாகிப்போன சோப்பு.
ஊசியால் சுரண்டியதில் இரண்டு முடி,
ஒன்று செம்பட்டை, ஒன்று நரை.
ஒரே ஆளின் இரண்டு வயதா?
ஒரே கத்தியைப் பிடித்த இரண்டு ஆளா?
லென்ஸை இறக்கி, விளக்கை இழுத்து,
மூச்சை அடக்கிக் குனிந்தேன்.

தும்மல் வந்துவிட்டது.

முழங்காலிட்டுத் தரையெல்லாம் தேடினேன்.
கிடைத்தன. நிறையவே கிடைத்தன.
செம்பட்டையும் நரையுமாக
பதினோரு வருடம் அங்கே உதிர்ந்து கிடந்த
என் தாடி.
சோப்பிலிருந்து வந்ததாக நினைத்த இரண்டும்
நான் குனிந்தபோது விழுந்தவையாகவும் இருக்கலாம்.
பெருக்கித் தள்ளினேன், அவனையும் என்னையும் சேர்த்து.

கூரைச் சோதிக்க எனக்கு முன்கைதான்.
இடது கை குழந்தையின் கைபோல் ஆகிவிட்டது.
டிக்கெட் காட்டும் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு
வலது கையையும் ஒரு பார்வை பார்க்கிறார்கள்.

இன்று வியாழன்.
ஊரெல்லாம் பட்டாணி சூப்பு மணக்கும் நாள்.
கீழே இறங்கிப் பெட்டியைத் திறந்தால்
காலிப் பள்ளத்தில் ஒரு கத்தி படுத்திருக்கிறது.
மஞ்சள் பிளாஸ்டிக் பிடி,
பக்கத்தில் ஒட்டிக் காய்ந்த கேரட் தோல்,
குன்வோர் காய் நறுக்குவது.
அளவெடுத்த மாதிரி பொருந்தியிருக்கிறது.

எடுத்துக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தேன்.
மோசம். படுமோசம்.
இதைக் கொண்டா இத்தனை நாள்
வெங்காயம் அரிந்தாள்?

கல்லை நனைத்தேன்.