கிளட்ச்

பதினோராவது கொண்டை ஊசியில்
இடது கெண்டைக்கால் கல்லாய் இறுகியது.
டிப்போ நோட்டில் எழுதிவைத்தேன்:
கிளட்ச் கனக்கிறது.

மாதையன் அடியில் படுத்துப் பார்த்தான்.
"வெண்ணெயாட்டம் இருக்குதுங்ணா."
மறுநாள் வேறு வண்டி.
அதுவும் கனத்தது.

ஒண்டிக்கடையில் எல்லாரும் இறங்கியபின்
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
தொடைகளோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.
அர்த்தனாரி டீயை மேலேயே கொண்டுவந்து தந்தான்,
ஒன்றும் கேட்காமல்.
அதுதான் சுருக்கென்றது.

சட்டை மாட்டக் கை உயரவில்லை.
பழனியம்மா தைலம் தேய்த்தாள், திட்டிக்கொண்டே.

அஸ்தம்பட்டி டாக்டரம்மா கேட்டது ஒன்றே:
"ராத்திரி என்ன மாத்திரை?"
தையில் ஆரம்பித்தது, கொழுப்புக்கு,
சுண்டுவிரல் நகமளவு.
அதையா சந்தேகப்படுவது?
கெட்ட கொழுப்பு நூற்றெண்பதிலிருந்து
எழுபத்தெட்டுக்கு வந்திருந்தது.
இறக்கம் நல்ல இறக்கம்தான்.
ஏறத்தான் காலில்லை.

ரத்தத்தில் தசை கரைந்த கணக்கு
ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.
இரண்டு வாரம் நிறுத்துங்கள்,
சிறுநீர் கடுங்காப்பி நிறமானால்
அன்றே ஓடிவாருங்கள் என்றார்.
ஓடிவருவதாம்.

ஒரேயடியாய் விட்டுவிடட்டுமா என்றேன்.
"உங்கள் அண்ணன் எத்தனை வயதில் போனார்?"
ஐம்பத்தொன்று.
அதற்குமேல் நான் பேசவில்லை.

மூன்றாம் வாரம் பெடல் பஞ்சாய் இறங்கியது.
"பிளேட் மாத்திட்டேன்ல" என்றான் மாதையன்.
இருக்கட்டும்.

இப்போது வேறு மாத்திரை,
ஒருநாள் விட்டு ஒருநாள்.
பழனியம்மா காலண்டரில் சுழித்து வைத்திருக்கிறாள்.
இன்று முதல் சுழி.
விழுங்கிவிட்டேன்.
காலை ஐந்தே முக்கால் டிரிப்பு.
மிச்சத்தைப் பதினோராவது வளைவில்
கேட்டுக்கொள்கிறேன்.