ஐம்பது கிலோ காற்று

நாலு உரப்பைகளைப் பிரித்து
இரட்டைத் தையல் போட்டுப் பாய் தைத்தேன்.
ரவிக்கை தைக்கிற ஊசி இரண்டு உடைந்தது.
'நிகர எடை ஐம்பது கிலோ' என்ற எழுத்து
தலைகீழாக நடுவில் வந்துவிட்டது.
பரவாயில்லை என்றார் தயாபரன்,
காற்றுக்கு வாசிக்கத் தெரியாது.

கிரேக்கத்துக் கடலில்
ஒரு டச்சுத் தம்பதியின் பாய்ப்படகில்
இவர் கயிறு இழுக்கிறார், கோப்பை கழுவுகிறார்.
மே தொடங்கி செப்டம்பர் வரை
தீவு தீவாகப் போவார்களாம் அவர்கள்.
எதற்கு என்று கேட்டேன்.
போவதற்குத்தான், என்றார்.
போய் என்ன செய்வார்கள்?
உட்கார்ந்து அடுத்த தீவைப் பார்ப்பார்கள்.

லீவு பதினெட்டு நாள்.
கடன்காரர், கல்யாண வீடு, பல் டாக்டர் போக
மிஞ்சியது மூன்று.
மவுஸாக்கலையில் சோமதிலகவின் மீன்வள்ளத்தை
நாளுக்கு ஆயிரத்தைந்நூறு என்று பேசி முடித்தேன்.
பங்குனிக் கடைசி, தண்ணீர் இறங்கியிருந்தது.
முங்கிக் கிடந்த மேடெல்லாம்
எருமை மாதிரி முதுகு காட்டின.
எண்ணிப் பார்த்தேன், ஏழு.
சேறு காய்ந்து வெடித்த ஒன்று,
கொக்குகள் மட்டும் குடியிருக்கிற ஒன்று,
பட்டமரம் ஒன்று நிற்பதால்
பெரிய தீவு என்று நானே பட்டம் கொடுத்த ஒன்று.
மற்றதெல்லாம் பேர் வைக்கிற அளவுக்கு இல்லை.

மூங்கில் பாய்மரம். சுக்கானுக்குக் கதவுப்பலகை.
ரொட்டி, கட்டசம்பல், பிளாஸ்க்கில் பிளேன்டீ.
காற்று சிவனொளிபாத மலைப்பக்கமிருந்து
பத்து மணிக்குமேல்தான் இறங்கி வந்தது,
பிரட்டுக்குப் பிந்தினவன் மாதிரி
தயங்கித் தயங்கி.
பாய் ஒருமுறை இருமியது. பிறகு நிறைந்தது.
நீச்சல் தெரியாத எனக்கு
வயிற்றுக்குள் என்னவோ நழுவியது.

இவரால் உட்கார முடியவில்லை.
கயிற்றைச் சுருட்டுகிறார். அவிழ்த்து மறுபடி சுருட்டுகிறார்.
நான் இடம் மாறினால் எழுந்து நிற்கிறார்.
வெயிலா என்கிறார். தேத்தண்ணியை
இரண்டு கையாலும் நீட்டுகிறார்.

அந்த அம்மா இந்நேரம் என்ன செய்வாள்?
கண்ணை மூடிக்கொள்வாள்.
மூடிவிட்டேன். பிறகு?
பிறகு நான் ஐஸ் கொண்டுபோய்க் கொடுப்பேன்.
ஐஸ் இல்லையே.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
அப்புறம் என் நெற்றியில்
தண்ணீரில் நனைத்த உள்ளங்கை ஒன்று.
அதை எடுக்க நான் விடவில்லை.

மூன்றாம் நாள் சுக்கானை வாங்கிக்கொண்டேன்.
படுங்க என்றேன். உத்தரவா?
உத்தரவுதான்.
பாயின் நிழலில் வாய் திறந்து தூங்கினார்.
எட்டு வருஷக் கலியாணத்தில்
பகலில் இவர் தூங்கி நான் பார்த்ததில்லை.
தூக்கத்திலும் வலக்கை விரல்கள்
இல்லாத கயிறொன்றைப் பிடித்திருந்தன.
அதையே பார்த்துக்கொண்டு ஓட்டியதில்
பழைய கோயில் மதிலில் கொண்டுபோய் முட்டினேன்.
பதறி எழுந்து
ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார்.
எதிரே இருப்பது நான் என்று தெரிய
கொஞ்சம் நேரமானது.

மதிலில் ஏறிக் காலைத் தொங்கப்போட்டு
ரொட்டி தின்றோம்.
சாமி எப்போதோ மேட்டுக்கு வீடு மாறிவிட்டது.
படிகளில் நத்தைகள்.
ஒரு மணி நேரம் இருக்கும்,
ஒரு வார்த்தை பேசவில்லை.
இவர் ஒன்றையும் சுருட்டவுமில்லை.

திரும்புகையில்
சரிவில் கொழுந்து எடுக்கிறவர்கள் நிமிர்ந்தார்கள்.
அடியே, தையல்கடை யோகமலரா அது?
எங்க போறீங்க?

சும்மா! என்று கத்தினேன்.
எதிர்மலை வாங்கி
சும்மா, சும்மா என்று
தண்ணீர்மேல் திருப்பிப் போட்டது.
மேலே சிரிப்பு. கங்காணியின் விசில்.
ஒருத்தியும் குனியவில்லை.

அதற்குள் காற்று விழுந்துவிட்டது.
துடுப்பை எடுக்கப் போனார்.
கிடக்கட்டும் என்றேன்.
பாயில் அந்த ஐம்பது கிலோ
தலைகீழாகத் தொங்கியது.