நீல நாடா

பழைய அலமாரிகளைக் கழற்றி எடுத்த மறுநாள்
வெறுந்தரையில் நீல நாடா ஒட்டினோம்.
பைசண்டூவில் மார்ச் மாதம். ஆற்றோர வெக்கை
இன்னும் இறங்கவில்லை.
பசை இளகி, கோடு நழுவி,
இரண்டு முறை ஒட்ட வேண்டியதாயிற்று.

இது தொட்டி. இது அடுப்பு.
இது குளிர்பெட்டி, கதவு இப்படித் திறக்கும்
என்றான் வால்டெமார், மண்டியிட்டபடியே.
அப்படித் திறந்தால் என்னை இடிக்கும் என்றேன்.
"நீ ஏன் அங்கே நிற்கிறாய்?"
இருபத்தாறு வருஷமாக அங்கேதான் நிற்கிறேன்.
ஒன்றும் சொல்லாமல்
கதவை மறுபக்கம் மாற்றி வரைந்தான்.

தச்சர் எலாடியோ வந்தார்.
மட்டக்கோலைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார்.
குமிழி ஒரு பக்கமாக ஓடி
அங்கேயே நின்றுகொண்டது.
"சுவர் கோணல்" என்றார்,
நோயாளிக்குக் கேட்காமல்
வீட்டாரிடம் சொல்கிற வைத்தியர் குரலில்.
இரண்டு விரற்கடை.
இடிக்க வேண்டாம், பெட்டியின் முதுகைச் சீவிவிடுகிறேன்,
முன்னால் நின்று பார்த்தால் தெரியாது என்றார்.
நாங்கள் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தோம்.

மேடையின் உயரத்துக்கு மட்டும் ஒரு வாரம் போனது.
அவனுக்குத் தொண்ணூற்று நான்கு சென்டிமீட்டர்.
எனக்கு எண்பத்தாறு.
தொண்ணூறு என்று வைத்தால்
இருவருக்கும் முதுகு வலிக்கும், வழக்கு தீரும்.
எலாடியோ பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
"மாவு பிசைவது யார்?" என்றார்.
மாதாமாதம் இருபத்தொன்பதாம் தேதி
ஞோக்கி உருட்டுவது நான்.
தட்டுக்கடியில் ரூபாய்த்தாள் வைத்து
அதிர்ஷ்டம் வரும் என்று காத்திருப்பது அவன்.
"அப்படியென்றால் எண்பத்தாறு" என்று எழுதினார்.
வால்டெமார் ஏதோ சொல்ல வாயெடுத்து
தெர்மாஸைத் திறந்து
மாத்தேவில் வெந்நீர் ஊற்றிக்கொண்டான்.

மூலை அலமாரியைப் பற்றிச் சொல்லவில்லையே.
கை போகாத மூலை. பழையதை உடைத்தபோது
வெளியே வந்தவை:
பாத்திரமில்லாத ஒரு மூடி,
எரிவாயு ரசீது,
கருகிப்போன ஒரு மரக்கரண்டி,
பிறகு
நான்தான் தொலைத்தேன் என்று சொல்லி
மூன்று நாள் அவன் என்னோடு பேசாமலிருந்த
அந்தத் தக்கை திருகி.
இரண்டு பேரும் பார்த்தோம்.
அவன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
மூலைக்குச் சுழல்தட்டு வைக்கலாம்,
பதினோராயிரம் பேசோ என்றார் எலாடியோ.
வேண்டாம் என்றோம், ஒரே குரலில்.

மரம் மோண்டேவிடியோவிலிருந்து வர வேண்டும்.
ஏழு வாரம்; பிறகு ஒன்பது.
நடையில் ஒற்றை அடுப்பு,
குளியலறையில் பாத்திரம் கழுவல்.
சோப்புக்கும் ஷாம்புவுக்கும் நடுவே
கரண்டிகள் நனைந்து கிடக்கும்.
அதற்குள் நாடா எங்களைப் பழக்கிவிட்டது.
அவசரமாகக் குறுக்கே போகும்போதும்
அடுப்பைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.
வந்த விருந்தாளி ஒருத்தி
தொட்டியில் கால் வைத்தபோது
'ஐயோ' என்று கத்திவிட்டேன்.
நாய்க்கு மட்டும் பிடிபட்ட இடம் வேறு:
குளிர்பெட்டிக்குள் படுத்துத் தூங்குகிறது.

நேற்று இரவு விளக்கு எரிந்தது, போய்ப் பார்த்தேன்.
நாடாவுக்கு முன்னால் நின்றுகொண்டு
காற்றில் ஒரு இழுப்பறையைத் திறந்தான்.
கரண்டி எடுத்தான்.
இடுப்பால் இடித்து மூடினான்.
பிறகு மறுபடியும் முதலிலிருந்து,
கொஞ்சம் இடப்பக்கமாக நகர்ந்து.
சத்தமில்லாமல் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தேன்.
"கரண்டி மூன்றாவதில்" என்று
வாய் தானாகச் சொல்லிவிட்டது.
"இரண்டாவது."
"மூன்றாவது. எழுதியிருக்கிறோம்."
குனிந்தான். மூன்றாவதைத் திறந்து
கொஞ்ச நேரம் பார்த்தான்.
பையிலிருந்து தக்கை திருகியை எடுத்து
உள்ளே வைத்தான்.

டங்.

குளிர்பெட்டியிலிருந்து நாய்
தலைதூக்கிப் பார்த்தது.