இரண்டு நிமிட வண்டி

ஐந்நூறு ரூபாய்ச் சீட்டு.
வாசலில் மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டை கட்டினார்கள்.
சிரிப்பு வந்தது எனக்கு.
நாள் முழுக்க அடுத்தவர் கையில் பட்டை பார்த்து
பேர் என்ன, வயசு என்ன என்று
இந்தியிலும் வங்காளத்திலும் கேட்டு
ரத்தம் எடுக்கிறவள் நான்.

பதின்மூன்று வருடம் முன்பு
காட்பாடியில் ஒரு கல்யாண மண்டபம். இலவசம்.
நின்றுபோன யாருடைய நிச்சயதார்த்தமோ,
தோரணம் அப்படியே தொங்கியது.
நாற்பது பேர் இருப்போம்,
மின்சாரம் போனபின் முப்பது.
சுடர்க்கொடி மேடையை விட்டு இறங்கி
பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு
மைக் இல்லாமல் பாடினாள்.
நஸீராவும் நானும் முதல் வரிசை.
கிட்டாரில் ஒரு கம்பி இல்லை.
"ஜோலார்பேட்டையில அறுந்துபோச்சு" என்றாள்,
கூட வந்த உறவுக்காரர்
அங்கே இறங்கிக்கொண்டதுபோல.

அன்று பாடிய ஒன்றை
எத்தனை இரவு ட்யூட்டியில் முணுமுணுத்திருப்பேன்.
ரத்தக் குழாய்கள் சுழலும் எந்திரத்தின் ரீங்காரம்தான்
அதற்குத் தம்பூரா.

இரண்டு நிமிடம் நிற்கிற வண்டி
ஏறிவிடு ஏறிவிடு
பெட்டி கிடக்கட்டும்

நஸீரா ஏறிவிட்டாள். தம்மாம்.
நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டேன்.

இன்று சத்துவாச்சாரியில் குளிரூட்டிய அரங்கம்.
மேடையில் ஐந்து பேர், புகை விட ஓர் எந்திரம்.
முதல் நான்கு பாட்டு எனக்குத் தெரியாது.
பக்கத்துப் பையன்களுக்கு வரிக்கு வரி தெரிந்தது,
என் வீட்டுக்கு வந்து
எனக்கே காபி கலந்து கொடுக்கிறவர்கள்போல.
அவளுக்கு நரைத்திருந்தது. கண்ணாடி வேறு.
ஊர் வெயிலைத் திட்டினாள், விசில் பறந்தது.
எங்கள் வெயிலை யார் திட்டினாலும்
எங்களுக்குக் கொஞ்சம் பெருமை.

பிறகு எல்லோரையும் அனுப்பிவிட்டு
தனியாகக் கிட்டாரை எடுத்தாள்.
முதல் தட்டலிலேயே தெரிந்துவிட்டது.
நஸீராவை அழைத்துப் போனை உயர்த்திப் பிடித்தேன்.
சுருதியை இரண்டு கட்டை இறக்கியிருந்தாள்.
இரண்டு நிமிடம் நிற்கிற வண்டி...

"ஏறிவிடு" என்றேன் நான், உரக்க.
"இறங்கிவிடு" என்றாள் அவள்.

முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.
நாக்கு புரண்டிருக்கும் என்று நினைத்தேன்.
பல்லவி மறுபடி வந்தது.
இறங்கிவிடு இறங்கிவிடு.
பெட்டி மட்டும் பழையபடி கிடந்தது.

கோபம் வந்தது.
அந்தச் சொல்லை நம்பி ஒருத்தி கடல் தாண்டினாள்.
நம்பாமல் ஒருத்தி இங்கேயே இருந்தாள்.
இரண்டுக்கும் அது வேண்டியிருந்தது.
எழுதியவள்தான் என்றாலும்
கேட்காமல் மாற்றலாமா?

அப்போது விளக்கு நகர்ந்து
அவள் இடது முழங்கையின் உள்மடிப்பில் விழுந்தது.
நாவற்பழ நிறத்தில் ஒரு தடம், ஓரம் மஞ்சள்.
நான்கு நாள், மிஞ்சினால் ஐந்து.
மற்றவர்களுக்கு அது நிழல்.

ரத்த தானமாக இருக்கலாம்.
வருடாந்தரச் சோதனையாக இருக்கலாம்.
புதிதாகச் சேர்ந்த யாரோ
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்ல மறந்திருக்கலாம்.
இந்த ஊருக்கு எல்லோரும் எதற்கு வருகிறார்கள் என்று
நான் யோசிக்கவில்லை.
யோசித்தேன்.

"தப்பாப் பாடறாடீ" என்றாள் நஸீரா.
"இல்ல" என்றேன்.
மேலே சொல்லவில்லை.
பார்த்ததை வெளியே பேசுவதில்லை என்று
வேலையில் சேர்ந்த அன்றே
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

படம் எடுத்துக்கொள்ள நீண்ட வரிசை.
நான் நிற்கவில்லை.
பாகாயம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
மணிக்கட்டுப் பட்டை
பல்லால் கடித்தும் அறவில்லை.
காலை ஆறுக்கு ட்யூட்டி, அங்கே கத்தரி இருக்கிறது.

புதுச் சொல்லை
மெட்டில் வைத்துப் பாடிப் பார்த்தேன்.
அரை மாத்திரை கூடுதல்.
அதை எந்த மூச்சில் விழுங்கினாள் என்று
தொரப்பாடி தாண்டும்வரை
பிடிபடவில்லை.