நேரமண்டலம்

இரண்டு ஜிபி ராம். மார்த்தாண்டத்தில் நாலாயிரத்து ஐநூறு.
"விண்டோஸ் இதுல இழுக்காது எக்கா,
லினக்ஸ் போட்டுக்கோ" என்றான் கடைக்கார ஜெபசிங்.
போட்டுக்கோ என்றால், நானே.

பென்டிரைவில் ஏற்றியது மூன்று தரம் கெட்டது.
மழை தூறினால் கருங்கலில் கரண்ட் நிற்காது,
பேட்டரிக்கு ஆயுசு ஒன்பது நிமிடம்.
வைஃபையா, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது.
போனைக் கேபிளில் கட்டி நெட் கொடுத்தேன்.

டிஸ்க்கை முழுசாக அழிக்கவா?

உள்ளே யாரோ ஒரு செல்வின்தாஸின்
ஏலச்சீட்டுக் கணக்கு.
தவணை தவறியவர்கள் சிவப்பில், ஏழு பேர்.
ஒரு பெயரை எனக்குத் தெரியும்.
மூடிவிட்டு
அழி என்றேன்.

அடுத்து ஒரு வரைபடம்: எங்கே இருக்கிறாய்?
நிலம் முடிகிற முனையில் அம்பை வைத்தேன்.
கொழும்பு என்றது.
ஒரு நூல் மேலே தள்ளினால் கொல்கத்தா.
கீழே, கொழும்பு.
மூச்சைப் பிடித்து, ஊசியில் நூல் கோர்ப்பதுபோல்
நடுவில் நிறுத்திப் பார்த்தேன்.
கொழும்பு.

கடைசியில் கொல்கத்தாக்காரியாகவே
உள்ளே போனேன்.
மூலையில் மணி 2:10.
சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன்,
அது ஐந்து நிமிடம் பிந்தி ஓடுகிறது.