சல்லடையில் நீலம்

அந்த நீண்ட வளைவில் கடல் வலப்பக்கம் வரும்.
ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் வைத்துக்கொண்டு
மூச்சை எண்ணவேண்டிய இடம்.
ஆறாவது சுற்றில், எண்ணிக்கொண்டிருக்கும்போதே,
ஆயில் பிரஷர் முள்
தூங்கி விழுபவன் தலைபோல் சாய்ந்து
திடுக்கிட்டு நிமிர்ந்தது.

பார்த்தேன்.
பார்க்காதவள்போல்
இன்னும் ஒரு சுற்றுப் போனேன்.

முதலில் யாரோ கதவைத் தட்டுவதுபோல்.
பிறகு கதவை உடைப்பதுபோல்.

மஞ்சள் கொடி, கயிறு, தூறல்.
எழுபத்தொன்றில் பிறந்த என் ஆல்ஃபாவை
ஒரு ஜீப் இழுத்துவந்தது.
வேலிக்கு அப்பால் ஆடுகள் மேய்ந்தன,
நிமிரவில்லை.
மனிதர்கள்தான் தேநீர்க் கோப்பையோடு நிமிர்ந்தார்கள்.

"கிளெட்வின்," என்றேன்.
"பெத்தெஸ்டாக்காரர். கிராங்கைத் தேய்த்துக் கொடுத்தது அவர்தான்.
அளவு தப்பியிருக்கிறது."
சொன்னது ஆறு பேரிடம்.
அதில் இரண்டு பேர் அந்தக் குளிர்காலம்
தங்கள் எஞ்சினை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனார்கள்.

ஹோலிஹெட் துறைமுகத்தில்
லாரிகளைக் கப்பலுக்குள் அடுக்குவது என் தொழில்.
இரண்டு அங்குல இடைவெளியில் நாற்பது டன்னை நிறுத்தச் சொல்பவள்.
தப்பு என்றால்
அது அடுத்தவர் பக்கம்தான் இருக்கும் என்று
உடம்பே பழகியிருந்தது.

டிசம்பரில் எஞ்சினை இறக்கித்
தலைகீழாய்த் திருப்பினேன்.
சம்ப்பின் அடியில் செம்புத்தூள்,
கல்யாண வீட்டில் மறுநாள் பெருக்கும் ஜிகினாபோல்.
இரண்டாம் பேரிங் சிகரெட் தாளாய் மெலிந்து
தன் இருக்கையிலேயே ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது.
மற்றவை பரவாயில்லை.
ஒன்று, மூன்று, நான்கு:
கிளெட்வின் எழுதித் தந்த அளவு, மயிரிழை பிசகவில்லை.

அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

எண்ணெய் உறிஞ்சும் குழாயைக் கழற்றி
சல்லடையை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
பல்லிடுக்கில் கீரைபோல
நீலமாக ஒன்று.
சாமணத்தால் இழுத்தேன். வந்தது.
இன்னொன்று வந்தது.

அலமாரியில் அந்தச் சீலண்ட் ட்யூப்
மூடி சரியாக மூடாமல், நான் வைத்தபடியே இருந்தது.
இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த இரவும் அப்படியே:
கேஸ்கட் மட்டும் போதும் என்று தெரியும்.
மணி பதினொன்று. மழை.
எதற்கும் இருக்கட்டும் என்று
ஒரு விரல் தடிமனுக்குப் பிதுக்கினேன்.
அளவுக்கு மிஞ்சினால்
அமிர்தமே நஞ்சு. இது வெறும் பசை.

கிராங்கைத் துவாலையில் சுற்றி,
நீலத்தை மாத்திரை டப்பாவில் போட்டு
பெத்தெஸ்டாவுக்குப் போனேன்.
கற்சுரங்க மலை பாதிவரை மேகத்துக்குள் இருந்தது.

அவர் முதலில் கிராங்கை அளந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
டப்பாவைத் திறந்து நீட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
நகையை எடைபார்ப்பவர்போல வெகுநேரம் பார்த்தார்.
நான் ஒத்திகை பார்த்துவந்த வாக்கியத்தில்
முதல் சொல் மட்டும் வெளியே வந்தது.

"முந்நூற்று அறுபது பவுண்டு, நெஸ்டா," என்றார்.
"முன்பணமாக."

பதினான்கு வருடத்தில்
முன்பணம் என்ற சொல்லை அவர் வாயில் கேட்டதில்லை.
எண்ணி வைத்தேன். அவரும் ஒருமுறை எண்ணினார்.

அன்றிரவு ஆறு பேருக்கும் போன் செய்தேன்.
மெரெரிட் சிரித்தாள், சிரிப்பை நிறுத்தவே இல்லை.
ஒருவர், "அப்படியா, நான் மறந்தே போயிருந்தேன்," என்றார்.
அதுதான் அதிகம் வலித்தது.
அவர் மறந்தார்,
எஞ்சினை மட்டும் இன்னும் வேறு இடத்துக்கே கொண்டுபோகிறார்.

மார்ச்சில் பூட்டினேன்.
ஒவ்வொரு போல்ட்டாக, டார்க் ரெஞ்ச் 'டிக்' சொல்லும்வரை.
அதற்குமேல் ஒரு பொட்டு இல்லை.
சம்ப்புக்குக் கேஸ்கட், வெறும் கேஸ்கட்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு
ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றவிட்டேன்.
தீ இல்லாமல் எஞ்சின்
கிழட்டு நாய்போல் மூச்சுவிட்டது.
எட்டு எண்ணினேன், முள் அசையவில்லை.
ஒன்பது.
பத்து.
நிறுத்தினேன். பேட்டரி ஆறட்டும் என்று
கையைத் துடைத்து
ஆறாவது ஆளுக்கு மறுபடி போன் போட்டேன்.
எடுக்கவில்லை.

திரும்பவும் சாவி.
பதினொன்றில்
முள்
எழுந்தது.