பீஸ் ரேட்

பதினைந்து வேலம்பாளையத்தில்
பதினெட்டு மெஷின் ஓட்டுகிறேன்.
ஓவர்லாக் பத்து, பேட்லாக் ஆறு,
ரிப்பேர் ரெண்டு.
ரிப்பேரையும் சேர்த்துச் சொல்வதுதான் இங்கே மரியாதை.

முன்பெல்லாம் ரேட் பேச
பெருமாநல்லூர் ரோட்டுக் கம்பெனிக்குப் போவேன்.
மேனேஜர் சென்னியப்பன் உட்காரச் சொல்ல மாட்டார்.
'நாலு ரூவா இருவது. கட்டலீன்னா
பண்டில் அனுப்பர்பாளையம் போயிருமுங்க' என்பார்.
நான் ஊசி விலை சொல்வேன், கரண்டு சொல்வேன்,
பெரியவளின் நர்சிங் பீஸ் சொல்வேன்.
அவர் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்.
அந்தப் பார்வைக்குள் ஒரு பத்துப் பைசா இருந்தது.
சில நாள் எனக்குக் கிடைக்கும்.

சித்திரையிலிருந்து சென்னியப்பன் இல்லை.
ரேட் செல்லுக்கு வருகிறது,
ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு.
வணக்கம் சொல்லி, என் பேர் சொல்லி,
போன மாசம் முந்நூற்று நாற்பது பீஸ்
ஆல்ட்ரேஷன் வந்ததையும் நினைவாகச் சொல்லி
நாலு ரூபாய் பன்னிரண்டு.

பன்னிரண்டு!
இந்த ஊரில் பைசா
ஐந்தைந்தாகத்தான் பேசும்.

ஹாம்பர்க் கடைக்காரனின் எந்திரமும்
கம்பெனி எந்திரமும்
சட்டையின் விலையைத் தங்களுக்குள் பேசி முடிக்கின்றனவாம்,
நடுவில் ஒரு டீகூடக் குடிக்காமல்.
கழித்தது போக மிச்சம்
நாங்கள்.

அதற்குத் தெரியாதது இல்லை.
திபாகர் கஞ்சாம் போய்வந்த பன்னிரண்டு நாள்,
அப்போது கரண்டு பில் இறங்கிய யூனிட்,
நோம்பிக்கு முந்தின வாரம்
எந்த ரேட்டுக்கும் நான் சரி என்பது.
என் பெண்டாட்டிக்கே இந்தக் கடைசி விஷயம்
போன வருஷம்தான் தெரியும்.

வெள்ளகோவிலில் ஒரு சாவு.
போன் சட்டைப்பையில், சட்டை ஆணியில்.
காலையில் எடுத்தால் மூன்று சேதி:
நாலு பன்னிரண்டு.
நாலு பதினேழு.
நாலு இருபத்திரண்டு.
தூங்கியதற்குப் பத்துப் பைசா!
பதினாலாயிரம் பீஸுக்கு
ஆயிரத்து நானூறு ரூபாய்த் தூக்கம்.

ரெண்டு வாரம் வாயைக் கட்டினேன்.
மூன்றாம் வாரம் பேக்கரியில்
மயில்சாமியிடம் வாய் தவறியது.
அந்த ஞாயிறு, தெருவே தூங்கியது.
ஒன்பதே முக்காலுக்கு வீட்டுக்கு வீடு
போன் வெளிச்சம் போட்டுக் கிடக்க,
பாம்பைப் பார்த்தவர்கள்போல்
சுற்றி நின்றோம், யாரும் தொடாமல்.
கொடியில்லை, சந்தாவில்லை,
கோஷம் போட ஆளில்லை.
இத்தனை வருஷத்தில் அப்படியொரு ஒற்றுமையை
நான் கண்டதில்லை.

நாலாவது வாரம்
நாலு ரூபாய் ரெண்டில் ஆரம்பித்தது.
விடியும்போது நாலு பன்னிரண்டு.
நாங்கள் தூங்குவதையும்
அது வரவு வைத்துக்கொண்டது.

கைமடிக்கிற ராசாமணி கேட்டாள்:
'அப்பறம் நாம என்ன பண்ணுனாலும்
அதுக்குப் பாடந்தானுங்களா?'
நான் பண்டிலை எண்ணினேன்.
எண்ணியதையே.

நடுவில் ஒருநாள் அவினாசி பஸ்ஸில் சென்னியப்பன்,
கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார்.
நகர்ந்து இடம் கொடுத்தேன்.
உட்கார்ந்தார்.
இருவரும் ரேட் பேசவில்லை.

போன சனிக்கிழமை, சம்பளம் போடும்போது
திபாகர் தன் போனைக் காட்டினான்.
அதுவும் கணக்குப் போடுகிறது, ஒடியாவில்:
சூரத்தில் என்ன கூலி, லூதியானாவில் என்ன கூலி,
இந்தத் தெருவில் யாருக்கு ஆள் போதவில்லை,
என்னிடம் எத்தனை பண்டில் தேங்கிக் கிடக்கிறது.
'பண்டில் அதுக்கு எப்படிடா தெரியும்?'
'நான்தான் சொன்னேன் அண்ணா' என்றான், கூசாமல்.
'ஷிப்டுக்கு அறுநூற்று முப்பத்தேழு.'

முப்பத்தேழு!

அவனை உட்காரச் சொன்னேனா, ஞாபகமில்லை.
ஜன்னல் பக்கம் திரும்பினேன்.
எதிரே மயில்சாமியின் பவர்டேபிளில் ட்யூப்லைட்.
கரண்டுக் கம்பியில் ஒரு முழம் ரிப் துணி,
மழைக்கு முன்னாலிருந்தே தொங்குகிறது.
அதையே அவ்வளவு நேரம் பார்க்க
அதில் என்ன இருக்கிறதோ.
சென்னியப்பனைக் கேட்டிருக்கலாம்,
பஸ்ஸில்.